தொட்டிக்குள் சண்டை: யாரைப் பிரிப்பது, எப்படிப் பிரிப்பது?

வீடும் வளவும் – மாதப் பக்கம்



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி கோழியைப் பற்றியும் மீதி வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும்தான் இருக்கும். கடந்த இரண்டு மாதங்களில் மீன் தொட்டியைப் பற்றி மட்டும் மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றிலும் பிரச்சினை ஒன்றுதான். தொட்டிக்குள் மீன்கள் ஒன்றையொன்று கடிக்கின்றன, துரத்துகின்றன, கொல்கின்றன.

மருதமுனைச் சகோதரி ஒருவரின் மகன் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததற்காக இரண்டடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் கோல்ட் பிஷ் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, பைட்டர் ஒன்று, தொட்டியைத் துப்புரவாக்கும் என்று கடைக்காரர் சொன்ன சக்கர் ஒன்று. மூன்று வாரத்துக்குள் கோல்ட் பிஷ்ஷின் வால் பாதியாகிவிட்டது. பைட்டர் ஒரு காலையில் செத்து மிதந்தது, மற்ற மீன்கள் அதைக் கொத்திக் கொண்டிருந்தன. பிள்ளை அதைக் கண்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். தகப்பன், “எல்லாத்தையும் கொண்டு போய் கிட்டங்கி ஆத்துல ஊத்திட்டு வா” என்கிறாராம். “மீனுக்குள்ளேயும் இவ்வளவு வஞ்சகமா?” என்று முடித்திருக்கிறார் சகோதரி.

சாய்ந்தமருதுச் சகோதரி விற்பனைக்காக ஏஞ்சல் மீன் வளர்ப்பவர். குஞ்சிலிருந்து ஒன்றாக வளர்ந்த எட்டில் ஐந்து செத்துவிட்டன. போட்ட காசும் எட்டு மாத உழைப்பும் வீணாகிவிட்டதே என்பது அவர் கவலை. பாண்டிருப்புச் சகோதரியின் கேள்வி வேறு: “ஆண் கப்பி பெண் கப்பியை விடாமல் துரத்துகிறது. அது களைத்துச் சாகிறது. இது இயற்கைதானே, விட்டுவிடலாமா?”

நற்பிட்டிமுனையில் என் வீட்டுப் பின்வளவில் ஆறு சீமெந்துத் தொட்டிகளும், முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டியும் இருக்கின்றன. பத்து வருடங்களுக்கு மேலாக மீன்களோடுதான் என் காலைப் பொழுது. கண்டதையும் படித்ததையும் வைத்து மூன்று சகோதரிகளுக்கும் சேர்த்து இம்முறை எழுதுகிறேன்.

வஞ்சகம் அல்ல, இடச்சண்டை

மீனுக்கு வஞ்சகம் இல்லை. பசியும் பயமும் உண்டு. தன் இடம், தன் முட்டை என்ற பிடிவாதமும் உண்டு. நம் பக்கத்துக் குளங்களிலும் ஆற்றிலும் உள்ள திலாப்பியாவை எடுத்துக் கொள்ளுங்கள். ஆண் மீன் அடிமண்ணில் பாத்திரம் போலக் குழி தோண்டி அதைக் காவல் காக்கும். வேறு ஆண் அருகே வந்தால் பாய்ந்து விரட்டும். வந்தது இரண்டு முழம் விலகிப் போனால் விஷயம் முடிந்தது, விரட்டியது தன் குழிக்குத் திரும்பிவிடும். ஆற்றில் நடக்கும் சண்டைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் ஒருவர் விலகுவதோடு முடிகின்றன.

அதே மீனை இரண்டடிக் கண்ணாடிக்குள் விட்டால் தோற்றது எங்கே போகும்? மூலைக்குப் போகும். அந்த மூலையும் வென்றதின் கண்ணுக்குத் தெரியும். ‘இன்னும் போகவில்லையே’ என்று அது மறுபடி பாயும். வெளியேற வழி இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய சண்டை, வழி இல்லாததால் மூன்று நாள் நீடித்துச் சாவில் முடிகிறது. சண்டை மீனின் குணம்தான். அதைச் சாவாக்குவது கண்ணாடி. கண்ணாடியை வைத்தது நாம் என்பதால் வழி செய்து கொடுக்க வேண்டியதும் நாம்தான்.

மீன் எதைக் கண்டு பாய்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் நெதர்லாந்தைச் சேர்ந்த நிக்கோ டின்பர்கன் முக்கியமானவர். ஸ்டிக்கிள்பேக் என்ற சிறிய மீனின் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வயிறு சிவக்கும். வயிறு சிவந்த வேறு ஆணைக் கண்டால் அது தாக்கும். டின்பர்கன் மீன் வடிவமே இல்லாத மரத்துண்டுகளின் கீழ்ப்பக்கத்துக்குச் சிவப்புப் பூசிக் காட்டினார், அவற்றையும் தாக்கியது. லெய்டன் நகரில் இருந்த அவருடைய ஆய்வுகூட ஜன்னலுக்கு அப்பால் சிவப்புத் தபால் வண்டி போனபோதுகூடத் தொட்டியிலிருந்த ஆண்கள் அந்தப் பக்கம் பாய்ந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

நம் வீட்டுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பைட்டர் மீன் கப்பியின் நீண்ட வண்ண வாலைக் கண்டு இன்னொரு பைட்டர் என்று பாய்வதும் இதே வகைதான். கண்ணாடியில் தெரியும் தன் சொந்த நிழலோடுகூட அது மல்லுக்கு நிற்கும்.

முதலில் உறுதி செய்யுங்கள்: சண்டைதானா?

இதை மருதமுனைச் சகோதரி கவனமாக வாசிக்க வேண்டும். புதுத் தொட்டியில் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் மீன் சாவதற்குச் சண்டையைவிடத் தண்ணீரே பல வேளை காரணம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதை உடைத்து நஞ்சு குறைந்ததாக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கல்லிலும் குடியேற அவ்வளவு காலம் எடுக்கும். அதுவரை எட்டு மீன்களின் கழிவும் தண்ணீரிலேயே நிற்கும். பலவீனமான மீன் முதலில் சாகும். செத்ததை மற்றவை கொத்தும், மீன்களின் வழக்கம் அது. காலையில் எழுந்து பார்க்கும் நமக்குக் கொலை நடந்தது போலத் தெரியும்.

வித்தியாசத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். எல்லா மீன்களுமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், செவுள் சிவந்திருந்தால், தண்ணீர்தான் குற்றவாளி. ஒரே ஒரு மீன் மட்டும் வடிகட்டிக்குப் பின்னால் ஒளிந்து, நிறம் வெளிறி, தீனிக்கும் வராமல் இருந்தால் அதை யாரோ துரத்துகிறார்கள். செட்டையில் கடித்தெடுத்தது போல வளைவான வெட்டு இருந்தால் கடி. ஓரம் வெண்மையாகி நாளுக்கு நாள் கரைந்து போனால் அது செட்டை அழுகல் நோய். கடிபட்ட இடத்தில் பிறகு அழுகல் வருவதும் உண்டு.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டுப் பாவியுங்கள். வாரம் ஒருமுறை காற்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். முழுத் தண்ணீரையும் இறைத்து, கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் அந்த நல்ல நுண்ணுயிர்களும் போய்விடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசினால் போதும்.

கடையில் ஒன்றாக இருந்தவை வீட்டில் ஏன் கடிக்கின்றன?

“கடையில எல்லாம் ஒரே தொட்டியிலதானே ராத்தா இருந்திச்சு?” என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கடையில் இருப்பவை அநேகமாகக் குஞ்சுகள், இனப்பெருக்க வயது வராதவை. நெருக்கமாக இருப்பதால் எந்த மீனாலும் ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொள்ள முடியாது. சில நாட்களில் விற்றும் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் இடம் கிடைக்கிறது, வளர்கிறது, வயது வருகிறது. அப்போதுதான் உண்மைக் குணம் தெரியும். கல்முனை பஸாரில் விரல் நீளத்தில் அழகாக நீந்தும் ஒஸ்கார் மீன் ஓரடி வரை வளரும். தன் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விழுங்கும். அதைச் சண்டை என்று சொல்வதற்கில்லை, அது அதன் சாப்பாடு.

வாங்கும் முன் நினைவில் வைக்க வேண்டியவை:

பைட்டர்: ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மட்டும். வால் நீண்ட மீன்களோடும் வால் கடிக்கும் மீன்களோடும் சேர்க்க வேண்டாம். தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடிய உறுப்பு இதற்கு உண்டு, அதனால்தான் சின்னக் குவளைகளில் விற்கிறார்கள். ஆனால் குவளை அதற்கு வீடாகாது. குறைந்தது பத்து லீற்றர் தண்ணீர் வேண்டும். தாய்லாந்தில் இதைச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டும் பழக்கம் பல தலைமுறையாக இருந்தது. அதே நாடு 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

டைகர் பார்ப்: சுமாத்ரா, போர்னியோ பகுதி மீன். நான்கு மட்டும் இருந்தால் அடுத்த மீனின் வாலைத் தேடிப் போகும். எட்டாகக் கூட்டினால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும், மற்றவை தப்பும். கோல்ட் பிஷ், ஏஞ்சல் போன்ற மெதுவான, நீண்ட செட்டை உள்ளவற்றோடு எந்த எண்ணிக்கையிலும் வேண்டாம்.

கோல்ட் பிஷ்: சாது. மெதுவாக நீந்தும், கழிவு அதிகம். இதைத் தன் இனத்தோடு மட்டும் வளர்ப்பதே நல்லது.

சக்கர்: குஞ்சில் பாசி தின்னும். ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் இரவில் கோல்ட் பிஷ்ஷின் உடம்பில் ஒட்டி அதன் வழுவழுப்புத் தோலைச் சுரண்டும். காலையில் புண் தெரியும், காரணம் தெரியாது.

பிளவர்ஹோர்ன்: 1990களில் மலேசியாவில் பல இனங்களைக் கலந்து உருவாக்கிய மீன். தனியே ஒரு தொட்டி. துணை என்று எதையும் விட வேண்டாம்.

நம் நாட்டு மீன்கள்: இலங்கைக்கே உரிய செரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் இரண்டும் பொதுவாகச் சாதுவானவை. செரி பார்ப்பை 1929இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் நம் நாட்டு விலங்கியலாளர் பி.ஈ.பி. தெரணியகல. தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளைச் சேர்ந்த இவை இப்போது தொட்டிகளிலும் இனம்பெருக்கப்படுகின்றன. வளர்ப்பில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

ஆக, மருதமுனைச் சகோதரியின் தொட்டியில் சேர்க்கக்கூடாத நான்கு வகைகள் ஒன்றாக இருக்கின்றன. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஏறக்குறைய 56 லீற்றர். கல்லும் போட்டு, மேலே இடமும் விட்டால் 50க்கும் குறைவு. இரண்டு கோல்ட் பிஷ்ஷுக்கே அது சரியாக இருக்கும். டைகர் பார்ப்பையும் சக்கரையும் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள். விலை குறைத்துத்தான் எடுப்பார்கள். அதைப் பார்க்க வேண்டாம்.

கடி தொடங்கிவிட்டால் அன்றைக்கே செய்ய வேண்டியவை

1. காயப்பட்ட மீனை உடனே பிரியுங்கள். துப்புரவான பிளாஸ்டிக் பேசின் போதும், சவர்க்காரம் படாததாக இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரையே பாதியளவு ஊற்றுங்கள். 10 லீற்றருக்கு 2 தேக்கரண்டி கல்லுப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புச் சேருங்கள். ஐந்தாறு நாளில் செட்டை மறுபடி முளைக்கத் தொடங்கும். பாயாமல் இருக்க மேலே ஒரு துணியைக் கட்டுங்கள்.

2. பிறகு கடித்த மீனையும் வெளியே எடுங்கள். அடிபட்டதை மட்டும் எடுத்துவிட்டு இருந்தால் கடிக்கும் மீன் அடுத்ததைத் தேடும். மூன்று நான்கு நாள் தனியே வைத்தால் அதன் ‘இடம்’ கைவிட்டுப் போகும்.

3. அது வெளியே இருக்கும்போது தொட்டிக்குள் கல், செடி, சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். திரும்பி வரும்போது அதற்கும் அது புது ஊர். எல்லோரும் ஒரே நேரத்தில் புதிதாக இடம் பிடிக்கத் தொடங்குவார்கள்.

4. ஒளிய இடம் வையுங்கள். ஒரு பக்கம் வாசல் வெட்டிய சிரட்டையை நன்றாக அவித்து, சாயம் போகும்வரை தண்ணீரில் ஊறவைத்துக் கவிழ்த்து வைக்கலாம். உடைந்த மண்சட்டி, தண்ணீர்க் குழாய்த் துண்டு எல்லாம் நல்லவைதான். கூர் விளிம்பு இருக்கக்கூடாது. மீனின் எண்ணிக்கையைவிட ஒளிவிடம் ஒன்றிரண்டு கூடவே இருக்கட்டும். இவை ஒரு மீன் மறுமுனையிலிருந்து மற்றதைக் காணாதபடி குறுக்கே நிற்க வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கல்லும் சிப்பியும் வேண்டாம், அவை கரைந்து தண்ணீரின் தன்மையை மாற்றும்.

5. தீனியை ஒரே நேரத்தில் இரண்டு மூலைகளிலும் போடுங்கள். வலியது ஒரு மூலையைக் காக்கும்போது மெலியது மற்ற மூலையில் சாப்பிட்டுவிடும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் கணக்கு.

6. தொட்டியின் பின்பக்கத்துக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டுங்கள். நிழலோடு சண்டை பிடிப்பது குறையும். புது மீன் விடுவதென்றால் இரவில், வெளிச்சத்தை அணைத்துவிட்டு, பழைய சாரன் ஒன்றால் தொட்டியை மூடி விடுங்கள். ஒன்றாக விடாமல் இரண்டு மூன்றாக விடுங்கள், துரத்தல் பங்குபட்டுவிடும்.

இவ்வளவும் செய்து ஒரு வாரத்துக்குப் பிறகும் கடி நிற்கவில்லையென்றால் அந்த மீன்கள் ஒன்றாக வாழப் போவதில்லை. நடுவே கண்ணாடித் தடுப்புப் போடுங்கள், அல்லது ஒன்றை வேறு வீட்டுக்குக் கொடுங்கள். ‘பழகிவிடும்’ என்று காத்திருப்பதில் பயனில்லை. சண்டையில் ஒருமுறை தோற்ற மீன் அடுத்த சண்டையிலும் தோற்கவே அதிக வாய்ப்பு என்பது பல மீன் இனங்களில் ஆய்ந்து கண்ட உண்மை. காயம் ஆறினாலும் பயம் ஆறுவதற்குக் காலம் எடுக்கும்.

ஒன்றை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். என் தொட்டியில் ஸ்வோர்ட்டெயில் ஆண்கள் மூன்று இருந்தன. பெரியதை எடுத்து வேறாக வைத்தேன். அதுவரை மூலையில் அடங்கிக் கிடந்த இரண்டாவது அன்று பின்னேரமே துரத்தத் தொடங்கிவிட்டது. ஆபிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிப் பகுதி மீன் ஒன்றில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அதிகாரம் செய்யும் ஆணை எடுத்துவிட்டால், வெளிறிப்போய் அடங்கியிருந்த ஆண் சில நிமிடங்களுக்குள் பளிச்சென்று நிறம் மாறி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுமாம். ஆகவே ஒரு மீனை எடுப்பதோடு நிற்காமல் இடத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

ஏஞ்சல் வளர்க்கும் சகோதரிக்கு

ஏஞ்சல் மீனும் திலாப்பியாவும் ஒரே குடும்பம், சிக்லிட் என்பார்கள். குஞ்சுப் பருவத்தில் கூட்டமாக ஒற்றுமையாக இருக்கும். வயது வந்து இரண்டு சோடி சேர்ந்ததும் முட்டையிட ஓர் இடத்தைத் தேர்ந்து, மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்து விரட்டும். இரண்டடித் தொட்டியில் ‘அங்கிருந்து’ என்றால் முழுத் தொட்டியும்தான்.

உங்கள் ஐந்து மீன்கள் போனது நட்டமே. ஆனால் மிஞ்சிய மூன்றைக் கவனியுங்கள். இரண்டு எப்போதும் அருகருகே நின்று, மூன்றாவதை விரட்டி, சுவரையோ குழாயையோ வாயால் துப்புரவாக்கினால் உங்களிடம் இருப்பது ஒரு சோடி. ஏஞ்சலில் ஆண் பெண்ணை வெளித்தோற்றத்தில் பிரித்தறிவது கடினம். அதனால்தான் ஆறு எட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்துத் தாமாகச் சோடி சேர விடுகிறார்கள். சேர்ந்த சோடிக்குத்தான் வளர்ப்பவர்களிடம் மதிப்பு.

மூன்றாவதை இன்றே வேறாக்குங்கள். சோடியின் தொட்டியில் ஓர் ஓட்டுத் துண்டைச் சாய்த்து நிறுத்துங்கள், அதில் முட்டை ஒட்டும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும், மேலும் ஐந்தாறு நாளில் குஞ்சு நீந்தும். அடுத்த முறை எட்டு வளர்க்கும்போது முதல் சோடி சேரும் அறிகுறி கண்டவுடன் தடுப்பு தயாராக இருக்கட்டும். விற்பனைக்கு வளர்ப்போருக்கு ஒரு வெறுந்தொட்டி எப்போதும் கையிருப்பில் வேண்டும். அலங்கார மீன் வளர்ப்புக்கு நெக்டா நிறுவனம் பயிற்சியும் ஆலோசனையும் வழங்குகிறது. நம் பெண்கள் அதைக் கேட்டுப் பயன்பெற வேண்டும்.

“இயற்கைதானே, விட்டுவிடலாமா?”

பாண்டிருப்புச் சகோதரி, துரத்துவது இயற்கைதான். ஆனால் ஓர் ஆண், ஒரு பெண், ஒளிய இடமில்லாத ஒரு போத்தல், இந்த ஏற்பாடு இயற்கையில் இல்லை. ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற கணக்கில் விடுங்கள். தொட்டியின் பாதிக்கு ஐதரில்லாப் பாசியை அடர்த்தியாக விடுங்கள். வயிறு பெருத்த பெண்ணைக் குட்டி போடும்வரை தனியே எடுத்து வையுங்கள். ஆண் இல்லாவிட்டால் குட்டி வராதே என்று பயப்பட வேண்டாம். ஒருமுறை சேர்ந்த பெண் கப்பி அந்த விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதங்களுக்கு, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டி போடும். குட்டிகளைத் தாயே தின்னும் என்பதால் பாசி அவற்றுக்கும் காவல்.

இவ்விடத்தில் நான் படித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். டின்பர்கனோடு நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் என்ற ஒஸ்திரிய அறிஞர் 1963இல் வெளியிட்ட நூலில் சிக்லிட் மீன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு சோடியை மட்டும் தனியாக ஒரு தொட்டியில் விட்டால், சண்டை பிடிக்க வெளியே ஆள் இல்லாத ஆண், தன் சோடியையே தாக்கிக் கொல்லக்கூடும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேறு மீன்கள் தெரிந்தால் அவற்றோடு முறைத்துக்கொண்டு, தன் சோடியோடு சமாதானமாக இருக்கும். மீன் வளர்ப்போர் இந்த உபாயத்தை இன்றும் கையாள்கிறார்கள்.

இதை வாசித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. வெளியில் காட்ட முடியாத கோபத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்குபவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். “ஆம்பிளை என்றால் அப்படித்தான், நீதான் பொறுத்துப் போகணும் புள்ள” என்று மூத்தவர்கள் சொல்லவும் கேட்டிருக்கிறோம். லோரன்ஸ் தன் மீன் கணக்கை மனிதருக்கும் நீட்டிப் பார்த்தார். பல அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கும் உடன்பாடில்லை. மீனுக்குத் தன் கோபத்தை நினைத்துப் பார்க்கும் புத்தி இல்லை, அதனால் நாம் தடுப்புப் போடுகிறோம். மனிதனுக்கு அந்தப் புத்தி உண்டு. அவன் செய்வதற்கு இயற்கையைச் சாட்டுச் சொல்ல முடியாது. மீனுக்கே ஒளிய இடமும் தனி இடமும் வேண்டும் என்று கவலைப்பட்டுக் கடிதம் எழுதுகிற நாம், அடிபடுகிற பெண்ணுக்குப் பொறுமையை மட்டும் போதிக்காமல் இருந்தால் போதும்.

கிட்டங்கி ஆற்றில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. தகப்பனுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். தொட்டியில் வளர்ந்த மீன் ஒன்று ஆற்றில் செத்துப்போகும், அல்லது பிழைத்துப் பெருகும். பிழைப்பது அதைவிட ஆபத்து. தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்த சக்கர் இப்போது நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகியிருப்பது பதிவாகியிருக்கிறது. வலையில் சிக்கினால் அதன் முள்ளும் கடினமான தோலும் வலையைக் கிழிக்கின்றன, சாப்பாட்டுக்கும் நம்மவர் எடுப்பதில்லை. கிட்டங்கி ஆற்றை நம்பி வலை வீசும் குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். மாரி வெள்ளத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது ஓரிடத்தில் விட்ட மீன் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று யாரால் சொல்ல முடியும்? வைத்திருக்க முடியாவிட்டால் கடைக்கோ, பாடசாலை விஞ்ஞான கூடத்துக்கோ, வளர்க்கும் வேறு வீட்டுக்கோ கொடுங்கள்.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

மருதமுனைச் சகோதரியின் மகனுக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்கள். பைட்டர் தூங்குகிறது, ஆற்றுக்குப் போய்விட்டது என்று கதை சொல்ல வேண்டாம். புலமைப்பரிசில் எடுத்த பிள்ளை, விளங்கிக்கொள்ளும். ‘கெட்ட மீன்’ என்று டைகர் பார்ப்பைத் திட்டவும் விட வேண்டாம். அதற்கு இடமும் கூட்டமும் போதவில்லை என்று விளக்குங்கள்.

பிறகு ஒரு கொப்பியைக் கொடுத்து, தினமும் தீனி போடும்போது ஐந்து நிமிடம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எது முதலில் வந்தது, எது எதைத் துரத்தியது, எது சாப்பிடவில்லை. இரண்டு வாரத்தில் உங்களைவிட, கடைக்காரரைவிட அவனுக்கு அந்தத் தொட்டி விளங்கும். அடுத்த மீனை எது என்று தீர்மானிப்பவனும் அவனாகவே இருக்கட்டும். பைட்டர் இரண்டைப் போத்தலில் கொண்டுவந்து சண்டைக்கு விடும் பையன்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். கவனித்துப் பழகிய பிள்ளை அந்த விளையாட்டுக்குப் போகாது.

மீன் வாங்கக் கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டியவை நான்கு: இது எவ்வளவு வளரும்? தனியாகவா கூட்டமாகவா வாழும்? வால் கடிக்குமா? என் தொட்டி எத்தனை லீற்றர்? கடைசிக் கேள்விக்கு விடை உங்களிடமே இருக்க வேண்டும். தொட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். அதைத் துண்டில் எழுதிப் பேர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம், மாரி தொடங்குமுன் கோழிக்கூட்டைத் தயார் செய்வது பற்றி எழுதுகிறேன். மூன்று சகோதரிகளும் தங்கள் தொட்டிகளில் என்ன நடந்தது என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.